ஷில்காவா, ஆகாஷா? நகரும் வான்பாதுகாப்பு வாகன மாதிரி கட்ட வழி கேட்கிறேன்

கொழிஞ்சாம்பாறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக 1/35 அளவில் (உண்மை அளவில் 35-இல் ஒரு பங்கு) டாங்கி மாதிரிகளை மட்டுமே கட்டி வருகிறேன். எங்கள் ஊர் வாசகசாலையில் வரும் ஜனவரி 26 அன்று பள்ளி மாணவர்களுக்காகச் சிறிய கண்காட்சி ஒன்று வைக்கிறார்கள். நம் ராணுவத்தின் நகரும் வான்பாதுகாப்பு வாகனம் ஒன்றை அதற்குக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு ஆகாஷ், எஸ்-400 என்ற வான்பாதுகாப்பு ஏவுகணைகளின் பெயர்கள் இங்கே சிறு பிள்ளைகளுக்கும் பழகிவிட்டன. ஆனால் அவை எப்படி இருக்கும், ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்று பெரியவர்களுக்குக்கூடச் சொல்லத் தெரிவதில்லை. அதனால் இந்த வேலையைப் பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

எனக்குள்ள ஐயங்கள் மூன்று. முதலாவது, எந்த வாகனத்தில் தொடங்குவது என்பது. ஆகாஷ் ஏவு வாகனத்தைக் கட்டவே ஆசை. ஆனால் நான் விசாரித்த கடைகளில் 1/35 அளவில் அதற்குப் பிளாஸ்டிக் கிட் (ஒட்டிக் கட்டுவதற்கான துண்டுகள் கொண்ட பெட்டி) கிடைக்கவில்லை. நான்கு 23 மி.மீ. குழல்கள் கொண்ட சோவியத் வாகனமான ஷில்காவுக்குக் கிட் உண்டு. வாசகசாலைக் கண்ணாடிப் பெட்டியின் உள் நீளம் 40 செ.மீ. மட்டுமே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாவது, ரேடாரை நிமிர்த்தி வைப்பதா, மடக்கி வைப்பதா என்பது. டாங்கி கட்டும்போது எழாத கேள்வி இது. மூன்றாவது, வண்ணப்பூச்சு. இப்போது இடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது. லேக்கர் வகைக் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் மேற்பரப்பு வெள்ளையாக மங்கிப் போகிறது. மழை ஓயும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

புளியரைக் கணவாய் எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. டாங்கி ஒன்று நின்றாலும் ஓடினாலும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். வான்பாதுகாப்பு வாகனம் அப்படியல்ல. பயணத்தில் ஓர் உருவம், சுடும் நிலையில் வேறோர் உருவம். எனவே கிட்டின் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, உங்கள் வாகனம் எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை முடிவு செய்துவிடுங்கள். ரேடார், குழல்களின் கோணம், மூடிகள், கேன்வாஸ் உறைகள், தாங்குகால்கள், புகைக்கறை, சேறு ஆகிய அனைத்தும் அந்த ஒரு நேரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும். மிக நுணுக்கமாகக் கட்டப்பட்ட மாதிரிகளிலும் கூட, ரேடார் சுடும் நிலையில் நிமிர்ந்திருக்க, குழல்வாய்களில் பயண உறை போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ராணுவத்தில் பணியாற்றிய ஒருவர் பார்த்தால் அதைத்தான் முதலில் கவனிப்பார்.

ஷில்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரேடார் தட்டு டரட்டின் (குழல்கள் பொருத்திய சுழலும் மேற்கூண்டின்) பின்பகுதியில் இருக்கிறது. பயணத்தின்போது பின்புறமாக மடங்கிவிடும். ரேடார் மடங்கிய நிலையில் வாகனத்தின் உயரம் சுமார் 2.6 மீட்டர், நிமிர்ந்த நிலையில் சுமார் 3.6 மீட்டர். 1/35 அளவில் இந்த ஒரு மீட்டர் ஏறத்தாழ 3 செ.மீ. ஆகிறது. 19 செ.மீ. நீளமுள்ள மாதிரியில் 3 செ.மீ. உயர வேறுபாடு அதன் உருவத்தையே மாற்றிவிடும். பீரங்கிகளும் ஏவுகணைகளும் சேர்ந்த ரஷ்ய வாகனமான துங்குஸ்காவிலும் தேடு ரேடார் பயணத்தில் மடங்குகிறது. ஆனால் அந்த வாகனத்தில் இன்னொரு நுட்பம் உண்டு: அதன் 30 மி.மீ. பீரங்கிகளை ஓடிக்கொண்டே சுடலாம், ஏவுகணைகளை ஏவுவதற்கு நிற்க வேண்டும். ஆகவே டிராக்கிலிருந்து புழுதி பறக்க ஓடும் துங்குஸ்காவை அடித்தளத்தில் அமைத்துவிட்டு, ஏவுகணைக் குழாய்களை உயர்த்திக் காட்டினால் அது முரண்பாடாகிவிடும். சோவியத் ஏவுகணை வகையான கூப்பின் ஏவு வாகனமோ பயணத்தில் ஏவுகணைகளின் முனையைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போகும். சுடும் நிலைக்கு வந்த பிறகுதான் ஏவுதளம் இலக்கு வரும் திசைக்குத் திரும்பும்.

புகைக்கறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலரும் கைபோன போக்கில் கருப்பைப் பூசிவிடுகிறார்கள். எஸ்-300, எஸ்-400, தோர் ஆகிய ரஷ்ய வான்பாதுகாப்பு வாகனங்களின் ஏவுகணைகள் முதலில் மேலே உந்தி எறியப்படுகின்றன. அவற்றின் மோட்டார் காற்றில்தான் பற்றிக்கொள்கிறது. எனவே அந்த வாகனங்களின் மேல் கரி அப்பியிருப்பதாகக் காட்டுவது பொருந்தாது. கூப், ஆகாஷ் போன்றவற்றில் ஏவுகணை தண்டவாளத்தின் மேல் இருக்கும்போதே மோட்டார் பற்றுகிறது. அங்கே ஏவுகணையின் வால்பக்கத்துக்கு நேர்ப் பின்னால் மட்டும் கறை நியாயமானது. ஷில்காவில் கறை குழல்வாய்களோடு நின்றுவிட வேண்டும்.

சக்கர வாகனமாக இருந்தால் தாங்குகால்களைக் கவனியுங்கள். எஸ்-300 ஏவு வாகனம் குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தும்போது பாரம் தாங்குகால்களுக்குப் போய்விடுகிறது. அந்த நிலையில் டயர்களின் அடிப்பக்கம் பிதுங்கியிருக்கக் கூடாது. உங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு அது ஒத்துவராது என்பது வேறு விஷயம்: டிரம்பெட்டர் நிறுவனத்தின் 1/35 எஸ்-300 ஏவு வாகனம் மட்டுமே ஏறத்தாழ 37 செ.மீ. வரும், அடித்தளம் வைக்க இடமே இருக்காது. எஸ்-400 கட்டாயம் வேண்டும் என்றால் ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1/72 கிட்டைப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் இரண்டு அளவுகளை ஒரே பெட்டியில் வைத்தால் பிள்ளைகள் எஸ்-400 சிறிய வாகனம் என்று எண்ணிவிடுவார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆகவே ஷில்காவில் தொடங்குங்கள். ஹாங் மாடல் நிறுவனத்தின் கிட் டிராகனின் பழைய கிட்டைவிடப் பல மடங்கு மேல். இந்தியாவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் மேம்படுத்திய ஷில்காவில் ரேடாரும் எஞ்சினும் மாற்றப்பட்டுவிட்டன. கிட்டில் வருவது பழைய வட்டத் தட்டு ரேடார். எனவே மேம்படுத்தப்படாத பழைய ஷில்கா என்று தெளிவாக முடிவு செய்துகொண்டு கட்டுங்கள். அந்த ரேடார் தட்டின் விளிம்பு பிளாஸ்டிக்கில் தடிமனாக இருக்கும். உட்பக்கத்தைத் தொடாமல், பின்பக்கத்திலிருந்து மட்டும் தேய்த்து விளிம்பை மெலிதாக்குங்கள். உட்குழிவின் வளைவு கெட்டால் ரேடாரின் தோற்றமே போய்விடும். நான்கு குழல்களுக்கும் 23 மி.மீ. வாய் என்பது 1/35-இல் 0.66 மி.மீ. ஆகிறது, 0.6 மி.மீ. துளைமுனையைக் கையால் மெதுவாகச் சுற்றிக் குடையலாம். டிராக்கின் மேல் ஓட்டத்தை நேர்க்கோடாக இழுத்து ஒட்டிவிடாதீர்கள். ஷில்காவில் மேல் உருளைகள் கிடையாது, டிராக் தன் எடையாலேயே சக்கரங்களின் மேல் படிந்து கிடக்கும்.

நகரித் தறி எழுதியது:

வணக்கம். ஆந்திர எல்லையில் நகரியிலிருந்து எழுதுகிறேன். முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் ஆகாஷை ஒதுக்கிவிடுவதை ஏற்க மனம் வரவில்லை. மாணவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பது ஆகாஷை. பார்க்க விரும்புவதும் அதையே. கிட் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும், நினைப்பதைவிட அது நமக்கு நெருக்கமான வேலை.

ஆகாஷ் ஏவுகணையின் நீளம் 5.78 மீட்டர், விட்டம் 350 மி.மீ. இதை 35-ஆல் வகுத்தால் நீளம் 165 மி.மீ., விட்டம் துல்லியமாக 10 மி.மீ. வருகிறது. 10 மி.மீ. குழாயைத் தேடி அலைய வேண்டிய தேவையில்லை. ஆனால் அதற்கும் முன் இன்னொரு வழியைப் பரிசீலியுங்கள். சோவியத் கூப் ஏவுகணையின் நீளம் சுமார் 5.8 மீட்டர், விட்டம் 335 மி.மீ. அதாவது 1/35-இல் இரண்டுக்கும் விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. இரண்டுமே ராம்ஜெட் (எதிர்வரும் காற்றை உள்வாங்கி எரியும் எஞ்சின்) வகை; இரண்டிலும் உடலைச் சுற்றி நான்கு காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன, இரண்டு ஏவு வாகனங்களும் மும்மூன்று ஏவுகணைகளைச் சுமக்கின்றன. ஆகவே டிரம்பெட்டரின் 1/35 கூப் கிட்டை வாங்கினால் ஆகாஷ் ஏவுகணைகளுக்கான மூலப்பொருளில் பாதி கையில் இருக்கும். ஆனால் முனையின் வடிவமும், நடுஇறக்கை, வால் இறக்கை ஆகியவற்றின் வெட்டும் வேறு. அவற்றைப் புகைப்படம் பார்த்து 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி மாற்ற வேண்டும். ஒரே அச்சுத்தாளை வைத்து எல்லா இறக்கைகளையும் சேர்த்து வெட்டி, ஒன்றாகக் கட்டித் தேய்த்தால்தான் மூன்று ஏவுகணைகளும் ஒரே வடிவில் அமையும்.

மாற்றவே விருப்பமில்லை என்றால் கூப்பை அப்படியே கட்டினாலும் அது நம் ராணுவ வாகனம்தான். குவத்ராத் என்ற பெயரில் நம் தரைப்படை அதை நெடுங்காலம் வைத்திருந்தது. ஷில்கா, குவத்ராத், ஆகாஷ் என்று மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் துப்பாக்கிக் குழலிலிருந்து ஏவுகணைக்கும், வெளிநாட்டு வாகனத்திலிருந்து உள்நாட்டு வாகனத்துக்கும் நாம் வந்த பாதை பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

வாகனத்தின் உடலுக்கு வருகிறேன். தரைப்படையின் ஆகாஷ் ஏவு வாகனம் டி-72 டாங்கியின் சேசிஸின் (அடிப்பகுதியின்) மேல் அமைந்தது; விமானப்படையுடையது டிரக் இழுத்துச் செல்லும் டிரெய்லரில் இருப்பது. தொடக்க காலச் சோதனைப் படங்களில் நீட்டப்பட்ட பி.எம்.பி.-2 கவச வாகனச் சேசிஸையும் காண்பீர்கள். இந்த மூன்றின் படங்களையும் கலந்து பார்த்துக் கட்டினால் இல்லாத ஒரு வாகனம்தான் உருவாகும். ஒவ்வொரு படத்திலும் சக்கரங்களை எண்ணி, எது எந்த வகை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். டி-72 என்றால் பக்கத்துக்கு ஆறு பெரிய சக்கரங்கள். டி-72 கிட் கிடைப்பது எளிது. டி-72-இன் இந்தியப் பெயரான அஜேயா டாங்கிகள் உருவான ஆவடி எங்களுக்கு அதிக தூரமில்லை என்பதாலோ என்னவோ, அந்தச் சேசிஸின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. டரட்டைத் தவிர்த்துவிட்டு மேல்தளத்தையும் ஏவுதளத்தையும் முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். உயரமும் அகலமும் புகைப்படத்தோடு ஒத்துப்போன பிறகே பிளாஸ்டிக் தகட்டைத் தொட வேண்டும். இந்த அட்டை வேலையில் செலவிடும் நேரம் ஒருபோதும் வீண் போவதில்லை.

ஒட்டுவதில் ஓர் எச்சரிக்கை. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். கிட்டுக்கான பசை அதை உருக்கி ஒட்டுகிறது. கடையில் வாங்கும் பி.வி.சி. குழாய் அந்தப் பசையில் கிட் பிளாஸ்டிக்கோடு உறுதியாக ஒட்டாது. அங்கே சூப்பர் க்ளூவும், இரண்டு பரப்புகளிலும் உப்புத்தாள் தேய்ப்பும் தேவை. கேபிள்களுக்கு மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழைகள் போதும். நூலைப் பயன்படுத்துவதாக இருந்தால் பிசிறு எழாமல் நீர்த்த ஃபெவிக்காலில் நனைத்து இழுத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸ் உறைக்கு டிஷ்யூ தாளும் அதே நீர்த்த ஃபெவிக்காலும்.

படங்களைப் பற்றியும் அழுத்திச் சொல்கிறேன். நான் நம்புவது குடியரசு நாள் அணிவகுப்புப் படங்களையும், யெலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா, 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் நடந்த டிஃபெக்ஸ்போ போன்ற பொதுக் கண்காட்சிகளில் எடுத்த படங்களையும்தான். ராணுவ முகாம்களின் அருகிலோ, சாலையில் செல்லும் ராணுவ அணியையோ படம் எடுக்க முயல வேண்டாம். மாதிரி கட்டுவதற்கு அது தேவையும் இல்லை. அணிவகுப்புப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு: வாகனங்கள் புதிதாகப் பூசி மெருகேற்றியவை. அந்தப் பளபளப்பின் மேல் நாம் சேற்றையும் துருவையும் ஏற்றினால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத கலவையாகிவிடும். முன்னவர் சொன்ன ‘ஒரே நேரம்’ என்ற கருத்து இங்கும் பொருந்துகிறது.

வேலந்தாவளம் பெயின்டர் எழுதியது:

தம்பி, நான் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன். வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது என் தொழில், மாதிரி கட்டுவது மாலை நேரத்து விருப்பம். உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், குளிர்ந்த பரப்பில் அந்த ஈரம் படிந்து, இன்னும் காயாத பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் காணும் வெண்மை அதுதான். பட்டறையில் நாங்கள் பூச்சு பூத்துவிட்டது என்போம். ஆகவே தீர்வு, ஆவியாதலை மெதுவாக்குவதும் ஈரத்தைக் குறைப்பதும்தான். வேகத் தின்னருக்குப் பதிலாக மெதுவாக உலரும் தின்னரைப் பயன்படுத்துங்கள், அல்லது தின்னரில் சிறிதளவு ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேருங்கள். ஒரே அடியில் நனைய நனைய அடிக்காமல், மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றும் உலர இடைவெளி விட்டு அடியுங்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றிலும் நீர் இருக்கும். ஏர்பிரஷுக்கு முன்னால் நீர்வடிகட்டி இல்லாமல் மழைக்காலத்தில் வேலை செய்யவே கூடாது. ஈரமானி ஒன்றை வாங்கி அறையில் மாட்டிவிடுங்கள். அதிகாலையிலும் மழை பெய்துகொண்டிருக்கும்போதும் அடிக்காமல், மழை விட்ட நடுப்பகலில் ஈரம் இறங்கும் நேரத்தைப் பிடியுங்கள். பூத்துப்போன மாதிரியை உரித்து எடுக்க வேண்டியதில்லை. மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மிக மெல்லிய மூட்டமாக அடித்தால் மேல்படலம் இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிப்பதாக இருந்தால் வெளியேற்று விசிறியும், ஆவி தடுக்கும் முகமூடியும் கட்டாயம். துணி முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது.

மழை முடிந்த பிறகும் நம் ஊரில் நிம்மதி இல்லை. கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் புழுதியும் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போது பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் ஏறி, தூசி தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து, மாதிரியை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, அடித்த உடனே மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நீரில் கரையும் அக்ரிலிக் பூச்சு அந்தக் காற்றில் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்கென்று விற்கும் ரிடார்டர் இரண்டு துளி போதும். ஜனவரி 26 என்று தேதி குறித்திருப்பதால், புரட்டாசி, ஐப்பசியில் மழை இடைவிடும் நாட்களிலேயே அடிப்படை வண்ணங்களை முடித்துவிடுவது நல்லது.

ரேடாரைப் பற்றி ஒரு சொல். நிமிர்த்தியே வையுங்கள். மடக்கி வைத்தால் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அது சின்ன டாங்கி.

கொழிஞ்சாம்பாறைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கத்து ஊர் அண்ணனின் விளக்கத்தைப் படித்த பிறகு, மங்கிப்போன டரட் ஒன்றின் மேல் மெதுவாக உலரும் தின்னரை அடித்துப் பார்த்தேன், தெளிந்துவிட்டது.

ஷில்காவை ஜனவரிக்கும், ஆகாஷை அதற்கடுத்த ஆண்டுக்கும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஷில்கா சுடும் நிலையில் இருக்கும்: ரேடார் நிமிர்ந்து, நான்கு குழல்களும் உயர்ந்து, மூடிகள் அனைத்தும் சாத்தப்பட்டு. எல்லாம் ஒரே நேரத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற புளியரை நண்பரின் கருத்துப்படி, வெளியில் ஆட்களின் உருவம் எதுவும் வைக்கப் போவதில்லை. குழுவின் நால்வரும் உள்ளே இருக்கிறார்கள் என்று எழுதி ஒட்டிவிடுகிறேன். ஆகாஷுக்காகக் கூப் கிட் ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

இன்னும் ஓர் ஐயம். கிட்டில் வரும் டெக்கால்கள் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுக் குறிகள்) அனைத்தும் வெளிநாட்டுக் குறிகள். நம் ராணுவ வாகன எண்ணை எப்படி இடுவது? வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை இல்லையே.

நகரித் தறி எழுதியது:

வெள்ளை மை தேவையில்லை. நம் ராணுவ வாகன எண் பலகைகளில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளைத்தான் காண்பீர்கள். ஊடுருவித் தெரியும் டெக்கால் தாளை விட்டுவிட்டு, வெள்ளைப் பின்னணி கொண்ட டெக்கால் தாளை வாங்குங்கள். கணினியில் கருப்புச் செவ்வகத்தை வரைந்து, எண்களின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டால் தாளின் வெண்மையே எண்ணாக நிற்கும். தொடக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து வாகனம் வாங்கிய ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், பிறகு ஓர் எழுத்து, அதன் பின் தொடர் எண், முடிவில் ஓர் எழுத்து என்ற அமைப்பு மாறாமல் இருக்கட்டும். ஆண்டு இலக்கங்கள் ஷில்கா நம் படையில் இருந்த காலத்துக்குப் பொருந்த வேண்டும். புதிய ஆண்டைப் போட்டுவிடாதீர்கள்.

இன்க்ஜெட் பிரிண்டராக இருந்தால் அச்சிட்ட தாளின் மேல் மெல்லிய கிளியர் கோட் அடித்து, ஒரு நாள் உலரவிட்டுத்தான் தண்ணீரில் இட வேண்டும்; இல்லையேல் மை கரைந்துவிடும். செவ்வகத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டும்போது வெள்ளை விளிம்பு மயிரிழை அளவு தெரியும். டெக்கால் பரப்பில் படிந்து காய்ந்த பிறகு, கூரான தூரிகையால் அந்த விளிம்பில் மட்டும் கருப்பைத் தொட்டுவிட்டு, அதன் பிறகு மேட் கோட் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடியுங்கள்.